அடுத்தவர் யார்? பெர்னின் ஏழு நாற்காலிகள்

2007 டிசம்பர் 12 காலை, கிராவுபுண்டன் மாநில அரசின் நிதிப் பொறுப்பாளர் எவெலின் விட்மர் ஷ்லும்ஃப் கூரிலிருந்து பெர்னுக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தார். அதே நேரத்தில் பெர்ன் நாடாளுமன்றத்தில், வேட்பாளராகவே நிற்காத அவருடைய பெயரை எழுதி 125 பேர் வாக்குச் சீட்டுகளைப் பெட்டியில் போட்டார்கள். எதிரே 115 வாக்குகளோடு தோற்றவர் சாதாரண ஆள் அல்ல. கிறிஸ்டோஃப் புளோக்கர்: கோடீஸ்வரத் தொழிலதிபர், நாட்டின் மிகப் பெரிய கட்சியான சுவிஸ் மக்கள் கட்சியின் முகம், அப்போது நீதி அமைச்சர். விட்மர் ஷ்லும்ஃபும் அதே கட்சிக்காரர்தான். பதவியை ஏற்பதா என்று ஓர் இரவு யோசித்துவிட்டு, மறுநாள் காலை ஏற்றுக்கொண்டார். கட்சி அவரை விலகச் சொன்னது, அவர் விலகவில்லை. அடுத்த ஆண்டு கட்சி அவரை மட்டும் நீக்க வழியில்லாமல் கிராவுபுண்டன் கிளை முழுவதையும் நீக்கியது.

சுவிட்சர்லாந்தில் ஆட்சி மாற்றம் என்றால் உச்சபட்ச நாடகம் இவ்வளவுதான். சாலை மறியல் இல்லை, பேருந்து எரியவில்லை. ஆனாலும் அந்நாட்டுக்காரர்கள் அந்த நாளை இன்னும் பேசுகிறார்கள். அது அவர்கள் வழக்கத்துக்கு அத்தனை மாறானது.

ஆட்சியில் இருப்பவர் போனால் அடுத்து யார் என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒரு விடை வைத்திருக்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் துணை ஆளுநர் என்று ஒருவரை இதற்காகவே வைத்திருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் நியூயார்க் ஆளுநர் ஆண்ட்ரூ கூவோமோ விலகியபோது கேத்தி ஹோக்குல் அப்படித்தான் மேலே வந்தார். துணை ஆளுநரே இல்லாத ஓரிகனில் 2015இல் மாநிலச் செயலர் கேட் பிரவுன் ஆளுநரானார். தமிழ்நாட்டுக்கு எழுதிவைத்த விடை எதுவும் இல்லை. 1969இல் அண்ணா மறைந்தபோதும் 1987இல் எம்.ஜி.ஆர். மறைந்தபோதும் இடைக்கால முதல்வராக உட்கார்ந்தவர் நெடுஞ்செழியன். இரண்டு முறையும் நாற்காலி வேறொருவருக்குப் போனது. 2016 டிசம்பர் 5 இரவு ஜெயலலிதா இறந்தார். விடிவதற்குள் பன்னீர்செல்வம் பதவியேற்றார். இரண்டு மாதத்தில், சட்டமன்ற உறுப்பினர்களை அடைத்து வைத்த கூவத்தூர் விடுதி உலகப் புகழ் பெற்றது.

சுவிஸ்காரர்களின் விடை விநோதமானது. அடுத்தவர் யார் என்ற கேள்வி உயிரை வாங்காதபடி நாற்காலியையே சிறிதாக்கிவிட்டார்கள்.

அங்கே பிரதமர் கிடையாது. ஜெர்மனில் புண்டஸ்ராட் எனப்படும் கூட்டாட்சிப் பேரவையின் ஏழு பேரும் சேர்ந்ததுதான் அரசாங்கம். நாட்டுத் தலைவர் என்ற தகுதியும் அந்த ஏழு பேருக்கும் கூட்டாகவே உரியது. ஒவ்வொருவரிடமும் ஓர் அமைச்சகம். ஏழு பேரில் ஒருவர் ஓராண்டு ‘கூட்டாட்சித் தலைவர்’ ஆவார்: கூட்டங்களை நடத்துவார், புத்தாண்டு உரை ஆற்றுவார், வாக்குகள் சமமாகப் பிரிந்தால் முடிவு செய்வார். மற்றபடி ஆறு பேருக்கும் சமமானவர். அடுத்த ஆண்டும் அவரே தொடர அரசியல் சட்டம் அனுமதிக்காது. பணிமூப்பு வரிசைப்படி முறை வரும். 2024இல் வியோலா அம்ஹெர்ட், 2025இல் கரின் கெல்லர் சூட்டர், 2026இல் கீ பார்மெலான். ஆகவே தலைவர் தேர்தலில் யார் வெல்வார் என்று யாரும் பந்தயம் கட்டுவதில்லை. எத்தனை வாக்கு விழும் என்பதுதான் சுவாரசியம். பள்ளி மதிப்பெண் பட்டியலைப் போல அதைப் பத்திரிகைகள் வாசிக்கின்றன. 2010 டிசம்பரில் மிஷெலின் கால்மி ரே வெறும் 106 வாக்குகளோடு தலைவரானார். பார்மெலானுக்கு 203 கிடைத்தன.

உண்மையான போட்டி ஏழு பேரில் ஒருவராக நுழைவதற்குத்தான். 200 உறுப்பினர் கொண்ட தேசிய அவையும் 46 உறுப்பினர் கொண்ட மாநிலங்கள் அவையும் ஒன்றாகக் கூடி, ரகசிய வாக்கெடுப்பில், ஒவ்வொரு நாற்காலிக்கும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கின்றன. ஒருவருக்குப் பெரும்பான்மை கிடைக்கும்வரை சுற்றுகள் தொடரும். முதல் இரண்டு சுற்றுகளில் சீட்டில் யார் பெயரையும் எழுதலாம்; மூன்றாவது சுற்றிலிருந்து புதுப் பெயர் கூடாது. நான்காண்டுப் பதவிக்காலத்தின் நடுவே நாடாளுமன்றத்தால் அரசைக் கவிழ்க்க முடியாது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்ற சொல்லுக்கே அங்கு வேலையில்லை.

இந்த ஏற்பாடு ஓர் உள்நாட்டுப் போரின் பிறகு வந்தது. 1847 நவம்பரில் கத்தோலிக்க மாநிலங்களின் தனிக்கூட்டணிக்கும் மற்றவர்களுக்கும் நடந்த சண்டை ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. செத்தவர்கள் ஏறக்குறைய நூறு பேர். வென்ற தாராளவாதிகள் 1848இல் அரசியல் சட்டம் எழுதினார்கள். அந்த ஆண்டு நவம்பர் 16 அன்று முதல் ஏழு பேர் தேர்வானார்கள். சூரிச்சின் யோனாஸ் ஃபுரர் முதல் தலைவரானார். ஏழும் வென்ற அணிக்கே. அடுத்த 43 ஆண்டுகளுக்கும் அப்படியேதான். ஒருவர் போக அதே கட்சியிலிருந்து இன்னொருவர் வந்தார். இன்றைய ஒற்றுமைக் கதையைச் சொல்பவர்கள் இந்தப் பகுதியைச் சற்று வேகமாகத் தாண்டிவிடுவது வழக்கம்.

1891 டிசம்பரில், ஒரு ரயில் நிறுவனத்தை அரசு வாங்கும் திட்டத்தை மக்கள் வாக்கெடுப்பில் தூக்கியெறிந்தார்கள். அதற்குப் பொறுப்பான எமில் வெல்டி பதவி விலகினார். காலியான இடத்துக்கு முதன்முதலாக ஒரு கத்தோலிக்கப் பழமைவாதியை, லூசர்னின் யோசஃப் ட்செம்ப்பை, வென்றவர்கள் உள்ளே விட்டார்கள். எதிர்க்கட்சியை உள்ளே இழுத்தால்தான் வாக்கெடுப்புகளில் தோற்காமல் இருக்கலாம் என்ற கணக்கு. ரயில்வே அமைச்சராக உட்கார்ந்த ட்செம்ப்பே பின்னாளில் ரயில்களை அரசுடைமையாக்கும் சட்டத்தை மக்களிடம் வென்று காட்டினார்.

இதே பாணியில் 1929இல் விவசாயிகள் கட்சியின் ருடோல்ஃப் மிங்கர் உள்ளே வந்தார். உலகப் போர் நடுவே 1943இல் முதல் சமூக ஜனநாயகவாதியாக எர்ன்ஸ்ட் நோப்ஸ் வந்தார். அவருக்குப் பின் வந்த மாக்ஸ் வேபர், தன் வரித் திட்டத்தை 1953 டிசம்பரில் மக்கள் நிராகரித்ததும் விலகிவிட்டார். அவர் கட்சி ஆறு ஆண்டு வெளியே இருந்தது. திரும்பியது 1959இல். நான்கு நாற்காலிகள் ஒரே சமயத்தில் காலியான அந்த டிசம்பரில், கத்தோலிக்கக் கட்சியின் செயலர் மார்ட்டின் ரோசன்பெர்க் கணக்குப் போட்டுக் கொடுத்தார்: மூன்று பெரிய கட்சிகளுக்குத் தலா இரண்டு, விவசாயிகள் கட்சிக்கு ஒன்று. சட்டத்தில் ஒரு வரிகூட இல்லாத இந்த 2:2:2:1 பங்கீட்டுக்கு ‘மந்திரச் சூத்திரம்’ என்று பெயர். 44 ஆண்டுகள் அதில் ஓர் எண் மாறவில்லை.

கட்சிக் கணக்கோடு முடிவதில்லை. பிரெஞ்சு பேசுபவர் எத்தனை, இத்தாலிய மொழிக்காரர் உண்டா, எந்த மாநிலம் எத்தனை காலமாகக் காத்திருக்கிறது என்றெல்லாம் பார்க்க வேண்டும். ஒரே மாநிலத்திலிருந்து இருவர் கூடாது என்ற விதி 1999 வரை இருந்தது. இத்தாலிய மொழிக்காரரான ஃபிளாவியோ கோட்டி 1999இல் விலகிய பிறகு, இன்யாட்சியோ காசிஸ் 2017இல் வரும்வரை டிச்சினோ மாநிலம் 18 ஆண்டு காத்திருந்தது. 1979இல் பிறந்த ஜூரா மாநிலத்துக்கு 2022 டிசம்பரில்தான் முறை வந்தது: எலிசபெத் போம் ஷ்னைடர், எல்லோரும் எதிர்பார்த்த பாசலின் ஏவா ஹெர்சோகை 123க்கு 116 என்று வென்றார். வில்லியம் டெல் கதைக்குச் சொந்தமான ஊரி மாநிலத்திலிருந்து ஒருவரும் இன்றுவரை அந்த ஏழில் உட்கார்ந்ததில்லை. நாட்டுக்கே தன் பெயரைக் கொடுத்த ஷ்வீட்ஸ் மாநிலத்துக்கும் அதே கதிதான்.

உள்ளே போனவர்களை வெளியே அனுப்புவது அரிது. 1848 முதல் இதுவரை 120 பேருக்கு மேல் பதவி வகித்திருக்கிறார்கள். மீண்டும் தேர்ந்தெடுக்காமல் நாடாளுமன்றம் வீட்டுக்கு அனுப்பியது நான்கு பேரை மட்டுமே. 1854இல் உல்ரிஹ் ஓக்சன்பைன். அவர் மனம் வெறுத்துப் பிரெஞ்சுப் படையில் ஜெனரலாகப் போய்ச் சேர்ந்தார். 1872இல் ஷாலே வெனெல், அரசியல் சட்டத் திருத்தத்தை எதிர்த்ததால். பிறகு 131 ஆண்டுகள் ஒருவருமில்லை. 2003இல் புளோக்கர் 121க்கு 116 என்று ரூத் மெட்ஸ்லரை வெளியே தள்ளினார். நான்காண்டு கழித்து அவருக்கும் அதுவே நடந்தது. கார்ல் ஷெங்க் 1863இல் தேர்வாகி 31 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். 1895இல் பெர்ன் தெருவில் குதிரை வண்டி மோதி இறந்திராவிட்டால் இன்னும் நீடித்திருப்பாரோ என்னவோ.

திடீர் மரணத்திலும் இந்த எந்திரம் தடுமாறவில்லை. 1881க்குத் தலைவராகத் தேர்வான ஃபிரிடோலின் ஆண்டர்வெர்ட், பத்திரிகைகளின் ஏச்சு தாங்காமல் 1880 கிறிஸ்துமஸ் நாளில் தற்கொலை செய்துகொண்டார். துணைத் தலைவராகத் தேர்வாகியிருந்த நுமா ட்ரோஸ் அந்த ஆண்டுத் தலைவரானார். 1917 ஜூனில், ஜெர்மனிக்கும் ரஷ்யாவுக்கும் தனிச் சமாதானம் செய்துவைக்க ரகசியமாக முயன்று மாட்டிக்கொண்டார் வெளியுறவு அமைச்சர் ஆர்தர் ஹோஃப்மன். நேச நாடுகள் கொதித்தன. ஒரு வாரத்துக்குள் அவர் இடத்தில் செஞ்சிலுவைச் சங்கத் தலைவர் குஸ்தாவ் அடோரை உட்கார வைத்துக் கோபத்தைத் தணித்தார்கள்.

கூவத்தூரை நினைத்துக்கொண்டிருக்கும் வாசகருக்குப் பெர்னிலும் ஒரு விடுதி உண்டு. நாடாளுமன்றத்தை ஒட்டிய பெல்வியூ பேலஸ் ஹோட்டல். தேர்தலுக்கு முந்தைய இரவு அதன் மதுக்கூடத்தில் உறுப்பினர்கள் கூடிப் பேரம் பேசுவார்கள். அதற்கு ‘நீள்கத்திகளின் இரவு’ என்று பெயர். யாரையும் அடைத்து வைப்பதில்லை. சதி மட்டும் குறையில்லாமல் நடக்கும்.

அந்தக் கத்திகள் அதிகம் பாய்ந்தது பெண்கள் மீது. நாட்டுத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை வந்ததே 1971இல்தான். 1983இல் வில்லி ரிட்ஷார்டின் இடத்துக்கு சமூக ஜனநாயகக் கட்சி லிலியன் ஊக்டென்ஹாகனை நிறுத்தியது. முதல் பெண் உறுப்பினர் ஆவார் என்று நாடே எதிர்பார்த்தது. டிசம்பர் 7 அன்று முதல் சுற்றிலேயே, அதே கட்சியின் ஓட்டோ ஷ்டிஹ் வென்றார். மற்றக் கட்சிகள், உங்கள் கட்சிக்குத்தான் இடம், ஆனால் ஆள் எங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டன. மறு ஆண்டு எலிசபெத் கோப் நுழைந்தார். கணவர் தொடர்புடைய நிறுவனத்தின் மீது விசாரணை வருவதாக அவருக்குத் தொலைபேசியில் சொன்ன விவகாரத்தில் 1989 ஜனவரியில் விலகினார். பின்னர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1993 மார்ச் 3 அன்று கிறிஸ்டியான் புரூனருக்குப் பதில் மீண்டும் ஓர் ஆணை, ஃபிரான்சிஸ் மாத்தேயை, தேர்ந்தெடுத்தார்கள். இந்த முறை பெண்கள் தெருவில் இறங்கினார்கள். கட்சி நெருக்கியதில் மாத்தே பதவியை மறுத்துவிட்டார். ஒரு வாரம் கழித்து ரூத் ட்ரைஃபுஸ் தேர்வானார். 1999இல் நாட்டின் முதல் பெண் தலைவரும் அவரே. 2010இல் சிமொனெட்டா சொமருகா வந்தபோது ஏழில் நால்வர் பெண்கள்.

வாரிசு என்ற சொல்லைத் தமிழர்கள் கேட்கும் அர்த்தத்திலும் கொஞ்சம் பார்க்கலாம். பெற்றவரும் பிள்ளையும் இந்த ஏழில் உட்கார்ந்தது இரண்டே குடும்பங்களில்: 19ஆம் நூற்றாண்டில் விக்டர் ரூஃபியும் மகன் எழேனும், பிறகு லெயோன் ஷ்லும்ஃபும், ரயிலில் வந்த அந்த எவெலினும். தந்தைக்கும் மகளுக்கும் நடுவே இருபது ஆண்டு இடைவெளி. தந்தையின் கட்சியே மகளைத் துரத்தியது. இந்தியாவின் எந்த மாநிலத்திலும் இதை ‘வாரிசு அரசியல்’ என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அமெரிக்க ஆளுநருக்கு நேர் இணையைத் தேடினால் பெர்னை விட்டு 26 மாநிலங்களுக்கு, சுவிஸ் வழக்கில் கன்டோன்களுக்கு, போக வேண்டும். இங்கே அரசை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஐந்து பேர் அல்லது ஏழு பேர். தலைமை பெரும்பாலும் ஆண்டுதோறும் சுழலும். ஆனால் விதிகள் ஊருக்கு ஊர் வேறு. அப்பன்ட்செல் இன்னர்ரோடனில் ஏப்ரல் கடைசி ஞாயிறு மக்கள் சதுக்கத்தில் கூடிக் கை தூக்கி வாக்களிக்கிறார்கள். ஆண்கள் பலர் வாக்குரிமைக்கு அடையாளமாக இடுப்பில் வாளோடு வருவார்கள். அங்கே லாண்டமான் எனப்படும் தலைவர்கள் இருவர்: ஒருவர் ‘ஆளும்’ லாண்டமான், மற்றவர் ‘ஓய்ந்திருக்கும்’ லாண்டமான். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இடம் மாறிக்கொள்கிறார்கள். வாரிசை வெளியே வைத்தால்தானே சிக்கல் என்று பக்கத்து நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். இதே மாநிலம் பெண்களுக்கு உள்ளூர் வாக்குரிமை தர மறுத்து, 1990இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லித்தான் வழிக்கு வந்தது. ஒன்பதே ஆண்டில் அங்கிருந்து பெர்னுக்குப் போனவர் ஒரு பெண், 34 வயது ரூத் மெட்ஸ்லர்.

கிளாருஸில் 17ஆம் நூற்றாண்டில் பதவிக்காக விருந்தும் காசும் அள்ளி இறைத்தார்கள். அதை ஒடுக்க, சிலரை மக்கள் தேர்ந்தெடுத்து அவர்களுக்குள் சீட்டுக் குலுக்கினார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படித்த எவருக்கும் இது புதிதல்ல. பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறை அதற்கும் ஏழு நூற்றாண்டு மூத்தது.

டிச்சினோவில் கதை ரத்தத்தோடு தொடங்கியது. 1890 செப்டம்பர் 11 அன்று, பழமைவாத அரசைக் கவிழ்க்கத் தீவிர தாராளவாதக் கட்சியினர் பெலின்சோனாவில் அரசு மாளிகைக்குள் புகுந்தார்கள். அரசு உறுப்பினர் லூயிஜி ரோஸி சுட்டுக் கொல்லப்பட்டார். கூட்டாட்சிப் படை வந்து அடக்கியது. ஒருவர் எல்லாவற்றையும் அள்ளும் தேர்தல் முறையே இந்தக் கொலைக்குக் காரணம் என்று கண்டு, விகிதாசார முறைக்கு மாறினார்கள். அரசையே விகிதாசாரத்தில் தேர்ந்தெடுப்பதால் அங்கு இடம் காலியானால் இடைத்தேர்தல் கிடையாது. கட்சிப் பட்டியலில் அடுத்து நின்றவர் உள்ளே வருவார். 2013இல் லேகா கட்சியின் மார்க்கோ பொராதோரி லுகானோ மேயராகப் போனார். பட்டியலில் அடுத்த மிக்கேலே பாரா வந்தார். சில மாதங்களில் அவர் இறந்தார். அவருக்குப் பின் கிளாவுதியோ ட்ஸாலி வந்தார். ஒரே ஆண்டில் ஒரே நாற்காலியில் மூவர், வாக்காளரைத் தொந்தரவு செய்யாமலே.

தலைவரைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்த மாநிலங்களும் உண்டு. வோ மாநிலம் 2003 அரசியல் சட்டத்தில் தலைவர் ஐந்தாண்டு முழுக்க இருக்கட்டும் என்றது. அது அங்கே ஒழுங்காகவே நடக்கிறது. ஜெனீவாவும் அதைப் பின்பற்றியது. 2018இல் தலைவரான பியேர் மோடே, அபுதாபிக்குப் பிறர் செலவில் போன பயணத்தைப் பற்றி உண்மையை மறைத்தது வெளியானது. சில மாதங்களிலேயே தலைமைப் பொறுப்பு கைமாறியது. 2020இல் விலகி, 2021 இடைத்தேர்தலில் நின்று தோற்று, 2023இல் மீண்டும் மக்களால் தேர்வாகி அரசில் வந்து உட்கார்ந்தார். ஜெனீவா ஆண்டுச் சுழற்சிக்குத் திரும்பிவிட்டது.

இந்த முறையின் நன்மை கண்ணுக்குத் தெரிவது. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாக அரசு ஒரு நாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. ஆனால் விலையும் உண்டு. ஏழு பேரில் யாரையும் மக்கள் நேராக மாற்ற முடியாது. பேரவையை மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்ற யோசனை 1900, 1942, 2013 என்று மூன்று முறை வாக்கெடுப்புக்கு வந்தது. மூன்று முறையும் மக்களே வேண்டாம் என்றார்கள். கடைசி முறை நாலில் மூன்று பேருக்கு மேல். 2019 தேர்தலில் பசுமைக் கட்சி 13.2 விழுக்காடு வாக்கு வாங்கியது. அதன் தலைவர் ரெகுலா ரைட்ஸ் அந்த டிசம்பரில் காசிஸை எதிர்த்து நின்றார். கிடைத்தது 82 வாக்கு, காசிஸுக்கு 145. இருப்பவரைத் தள்ளக் கூடாது என்ற பழக்கம் வாக்காளர் தீர்ப்பைவிடக் கனமாக இருந்தது. தலைமை ஆண்டுக்கு ஒரு முறை கைமாறுகிறது என்று பெருமைப்படும் நாட்டில், புதிய கட்சி ஒன்று உள்ளே நுழைய நாற்பது ஐம்பது ஆண்டு ஆகிறது. மந்திரச் சூத்திரம் அமைதியை வாங்கியது உண்மை. அந்த அமைதிக்குக் காசு கொடுத்தவர்கள் வெளியே வரிசையில் நின்றவர்கள்.

அந்த வரிசையில் குடியேறியவர்களும் இருக்கிறார்கள். நாட்டில் நாலில் ஒருவருக்கு மேல் சுவிஸ் குடியுரிமை இல்லாதவர். 1980களில் தஞ்சம் கேட்டு வந்த ஈழத் தமிழரில் பலர் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தார்கள். கன்டோன் அரசைத் தேர்ந்தெடுப்பதில் வெளிநாட்டவருக்கு வாக்குரிமை தருவது ஜூராவும் நியூஷாட்டலும் மட்டுமே. குடியுரிமை பெற்றவர்களுக்கோ கதவு மூடியில்லை. இத்தாலியக் குடிமகனாகப் பிறந்து 15 வயதில் சுவிஸ்காரரான காசிஸ் 2022இல் நாட்டுத் தலைவராக இருந்தார். 2023 டிசம்பரில் பாசல் நகர அரசின் தலைவர் பேயாட் யான்ஸ் பெர்னுக்குத் தேர்வானார். அடுத்த ஏப்ரலில் தலைவர் இடத்துக்கு கொன்ராடின் கிராமர் வந்தார். அரசில் காலியான நாற்காலிக்கு மக்கள் வாக்களித்து அனுப்பியது துருக்கியில் பிறந்து, இளைஞனாகப் பாசலுக்கு வந்து, உணவுத் தொழில் நடத்திய முஸ்தஃபா அத்திஜியை. அந்த மாநிலத்தின் பள்ளிகள் இப்போது அவர் பொறுப்பில் இருக்கின்றன.